வெண்மலர்ப் பாத்தியும் ஒரு கவிஞரின் மௌனமும்

கவிஞர்கள் தோட்டம் வளர்த்த செய்தி இலக்கிய வரலாற்றில் புதிதன்று. ஆனால், கவிதை ஒரு கவிஞரை விட்டு நீங்கிய காலத்தில் அவர் நட்ட தோட்டம், அவருடைய கவிதைகளைக் காட்டிலும் பெரும்புகழ் பெற்று நிற்பது அரிய நிகழ்ச்சி. இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் மாவட்டத்தில், சிசிங்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் உள்ள வெண்மலர்த் தோட்டம் அத்தகையது. அதனை அமைத்தவர் வீட்டா சாக்வில் வெஸ்ட் என்னும் பெண் கவிஞர். நிழல் படிந்த ஒரு மூலைக்கென 1939ஆம் ஆண்டில் எண்ணப்பட்ட வெண்மலர்ப் பாத்தி, பத்தாண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் வேர்கொண்டது. இடைப்பட்ட அப்பத்தாண்டுகளில் உலகப் போர் ஒன்று நடந்து முடிந்தது. ஒரு கவிஞரின் குரலும் அடங்கியது. எனவே இத்தோட்டத்தின் வரலாற்றைக் காண்பது பூம்பாத்தி ஒன்றின் வரலாற்றைக் காண்பது மட்டுமன்று. இலக்கிய அவை ஒன்றின் முடிவு ஒரு கவிஞருக்குள் என்ன செய்தது என்பதைக் காண்பதுமாகும்.

இழந்த இல்லமும் பெற்ற இல்லமும்

வீட்டா அம்மையார் 1892ஆம் ஆண்டு கெண்ட் மாவட்டத்தின் நோல் மாளிகையில் பிறந்தார். பல நூற்றாண்டுகளாகச் சாக்வில் குடும்பத்தார் வாழ்ந்த பெருமாளிகை அது. பெற்றோர்க்கு அவர் ஒரே மகவு. எனினும் பெண்ணாகப் பிறந்தமையால் அம்மாளிகையில் அவருக்கு உரிமை இல்லாது போயிற்று. 1928ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தபோது பட்டமும் மாளிகையும் தந்தையின் தம்பிக்குச் சென்றன. அதே ஆண்டில் அவருடைய தோழியார் வர்ஜீனியா ஊல்ப் 'ஆர்லாண்டோ' என்னும் புதினத்தை வெளியிட்டார். அப்புதினத்தின் தலைமை மாந்தர் வீட்டா அம்மையாரை முன்மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவர். நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்பவர். ஆணாக இருந்து பெண்ணாக மாறுபவர். சட்டம் பறித்த மாளிகையைத் தோழியின் எழுத்து கற்பனையில் மீட்டுத் தந்தது எனலாம்.

வீட்டா அம்மையார் புதினம், வாழ்க்கை வரலாறு, பயண நூல் எனப் பல துறைகளிலும் எழுதியவர். ஆயினும் அவர் தம்மைக் கவிஞர் என்றே கருதினார். கெண்ட் மாவட்டத்து உழவர் வாழ்வை நான்கு பருவங்களாகப் பகுத்துப் பாடிய 'நிலம்' என்னும் நெடும்பாட்டு 1926ஆம் ஆண்டு வெளிவந்தது. உரோமப் பெருங்கவி வர்ஜில் உழவைப் பாடிய மரபில் வந்த நூல் அது. அடுத்த ஆண்டே அந்நூல் ஹாத்தார்ன்டன் பரிசைப் பெற்றது. ஆங்கிலக் கவிதை பழைய யாப்பை உதறிப் புதிய பாதையில் விரைந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் ஏரையும் எருவையும் அறுவடையையும் மரபான நடையில் பாடிய ஒருவருக்குப் புகழும் வந்தது. அப்புகழோடு, பழைமைவாதி என்ற முத்திரையும் வந்தது. இம்முத்திரையைப் பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்வதற்காக நினைவிற் கொள்ள வேண்டும்.

1930ஆம் ஆண்டு அவரும் கணவர் ஹெரால்டு நிக்கல்சனும் சிசிங்ஹர்ஸ்ட்டை விலைக்கு வாங்கினர். அது அப்போது இடிபாடுகளின் குவியலாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை அது. ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்துவைக்கும் சிறையாகப் பயன்பட்டதனால் பெரும்பாலும் சிதைந்து போயிற்று. எஞ்சி நின்றவை ஓர் உயர்ந்த செங்கற் கோபுரமும், நீண்ட முன்கட்டும், தனித்தனியே நின்ற இரு சிறு வீடுகளுமே. சாக்வில் குடும்பத்துப் பெண்வழி மூதாட்டி ஒருவர் இவ்விடத்தைச் சேர்ந்தவர். எனவே பறிபோன வீட்டிற்கு ஈடாக, குருதி உறவுடைய இன்னொரு வீட்டையே அம்மையார் தேடிக்கொண்டார் என்று கருத இடமுண்டு.

இக்கட்டடங்கள் ஒன்றோடொன்று இணையாதவை என்பதை இங்குச் சுட்ட வேண்டும். அம்மையார் எழுதும் அறை கோபுரத்தில் இருந்தது. கணவன் மனைவி இருவரின் படுக்கையறைகளும் தெற்குக் குடிலில் இருந்தன. சமையலறையும் உணவுக்கூடமும் மற்றொரு மூலையில், குருவின் இல்லம் என வழங்கப்பட்ட சிறு வீட்டில் இருந்தன. எழுதப் போவதும் உண்ணப் போவதும் உறங்கப் போவதும் தோட்டத்தின் வழியாகவே. மழையானாலும் பனியானாலும் இரவு உணவை முடித்துக்கொண்டு இருளில் தோட்டத்தைக் கடந்தால்தான் படுக்கையை அடைய முடியும். ஆதலின் அக்குடும்பத்திற்குத் தோட்டம் வீட்டின் புறத்தே அமைந்த அணிகலன் அன்று. வீட்டின் நடுக்கூடமே அது.

தோட்டத்தின் கோடுகளை வகுத்தவர் ஹெரால்டு. அக்கோடுகளுக்குள் செடிகளை நிரப்பியவர் வீட்டா. வரைவில் கண்டிப்பு, நடுகையில் தாராளம் என்பதே இருவரும் கொண்ட கொள்கை. யூ மர வேலிகளும் செங்கற் சுவர்களும் தோட்டத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரித்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பருவம், ஒரு நிறம், ஒரு குணம் அமைந்தது.

நிழல் மூலையில் பிறந்த எண்ணம்

கோபுரத்தின் அருகே கீழ்முற்றத்தின் ஒரு மூலையில் சிங்கக்குளம் என்ற சிறு குளம் இருந்தது. 1939ஆம் ஆண்டு இறுதியில் அக்குளத்தின் நீரை வடித்துவிட்டு அவ்விடத்தைப் பாத்தியாக்க முடிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வீட்டா அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் புதிய திட்டம் ஒன்றைத் தெரிவித்தார். அம்மூலை முழுவதும் வெண்ணிற மலர்களையே நடுவது, இடையிடையே மிக வெளிறிய இளஞ்சிவப்பைச் சிறிது சேர்ப்பது என்பது அத்திட்டம். வெள்ளைக் கிளமாட்டிஸ், வெள்ளை லாவெண்டர், வெள்ளை அகப்பாந்தஸ், அடுக்கு இதழ்களையுடைய வெள்ளைப் பிரிம்ரோஸ், வெள்ளை அனிமோன், வெள்ளை லில்லி எனச் செடிகளின் பட்டியலும் அதில் இருந்தது. இமயமலைச் சாரலின் ஈரக்காடுகளில் ஆள் உயரத்திற்கும் மேலாக வளரும் பெருலில்லியை ஒரு மூலையில் நிறுத்தவும் அவர் எண்ணினார்.

இப்பட்டியலை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். அனிமோனும் பிரிம்ரோசும் பெருலில்லியும் நிழலையும் ஈரத்தையும் விரும்புவன. லாவெண்டரோ வெயில் இன்றி வாழாதது. நிழலுக்கு உரிய செடிகளும் வெயிலுக்கு உரிய செடிகளும் ஒரே பட்டியலில் கலந்து நிற்கின்றன. திட்டம் அப்போது முதிரவில்லை. நிறம் ஒன்றே உறுதிப்பட்டிருந்தது.

அந்த நிறம் எழுந்த காலம் கருதத்தக்கது. 1939 செப்டம்பர் முதல் நாள் தொடங்கி பிரிட்டன் முழுவதும் இரவில் விளக்கொளி வெளியே தெரியாதவாறு மறைக்கப்பட்டது. தெரு விளக்குகள் அணைந்தன. சன்னல்களுக்குக் கருந்திரை இடப்பட்டது. அந்த இருளின் நான்காம் மாதத்திலே, இரவுதோறும் தோட்டத்தைக் கடந்து உறங்கச் செல்லும் வீடொன்றில், வெள்ளை மலர்களைப் பற்றிய எண்ணம் எழுந்தது. இரண்டிற்கும் இடையே காரண காரிய உறவு உண்டென்று அம்மையார் எங்கும் கூறவில்லை என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் வெண்மை இருளுக்கு உரிய நிறம் என்பதை அந்தக் குளிர்காலம் கற்பித்த அளவு வேறு எக்காலமும் கற்பித்திராது.

போரும் தோட்டமும்

எண்ணம் எண்ணமாகவே நின்றது. போர் முற்றியது. 1940ஆம் ஆண்டுக் கோடையில் கெண்ட் மாவட்டத்து வானமே போர்க்களம் ஆயிற்று. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் படைக்குச் சென்றனர். 1939ஆம் ஆண்டில் பணியேற்ற தலைமைத் தோட்டக்காரர் ஜாக் வாஸ் 1941ஆம் ஆண்டு விமானப்படையில் சேர்ந்தார். வேலிகளை மட்டும் வெட்டிக் காத்துவருமாறும், ஏனையவற்றைப் பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் விடைபெறும்போது அம்மையாரிடம் வேண்டிக்கொண்டார். தொழில் அறிந்தவரின் சொல் அது. செடி அழிந்தால் அடுத்த பருவத்தில் நட்டுவிடலாம். வேலி உருக்குலைந்தால் அதனை மீட்க ஒரு தலைமுறை ஆகும். புல்வெளிகள் வைக்கோற் காடுகளாயின. பாத்திகளைக் களை மூடியது. வேலிகள் மட்டும் காக்கப்பட்டன.

அப்போர் ஆண்டுகளிலே அம்மையார் 'தோட்டம்' என்னும் நெடும்பாட்டை எழுதினார். 'நிலம்' உழவனைப் பாடியது. 'தோட்டம்' தோட்டக்காரனைப் பாடியது. பாத்திகள் புதராய்க் கிடந்தபோது அவை பாட்டில் பூத்தன. அந்நூல் 1946ஆம் ஆண்டு வெளிவந்து ஹைனமன் பரிசு பெற்றது. பரிசுத்தொகை 100 பவுன். அதனை முழுவதும் செலவிட்டு அம்மையார் அசேலியாச் செடிகளை வாங்கி அகழிக் கரையில் நட்டார். கவிதைக்குக் கிடைத்த பொருளைத் தோட்டத்திற்கே கொடுத்தார். பாட்டு செடியாயிற்று. ஆனால் அதற்குள் வேறொன்று நிகழ்ந்துவிட்டது.

பெயர் இல்லாத பட்டியல்

1946ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் விக்மோர் மண்டபத்தில் அரசியார் முன்னிலையில் கவியரங்கம் ஒன்றை நடத்த ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்தது. அதற்கென அமைந்த கவிதைக் குழுவில் வீட்டா அம்மையாரும் ஓர் உறுப்பினர். குழு கூடிப் படிப்போர் பட்டியலை முடிவு செய்தது. குழுவில் அமர்ந்திருந்த அவருடைய பெயர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது சிறு செய்தி. கவியரங்குகளில் யாரேனும் ஒருவர் விடுபடுவது எங்கும் நடப்பதே. குழுவினர் பகைமையால் இதனைச் செய்தனர் என்று கூறவும் இயலாது. கவிதையின் சுவை மாறிவிட்டது. புதிய குரல்களுக்கு இடம் வேண்டியிருந்தது. மரபு நடையில் உழவும் தோட்டமும் பாடுபவர் அவர்களுக்குக் கடந்த காலத்தவராகத் தோன்றினார். ஆனால் அம்மையாருக்கு அது சிறு செய்தியாக அமையவில்லை. அந்நாளோடு தாம் கவிஞராக அழிக்கப்பட்டதாகவும், இனிக் கவிதை எழுதப்போவதில்லை என்றும் பின்னாளில் அவர் எழுதிவைத்தார். எதனையும் பகிர்ந்துகொள்ளும் கணவரிடத்திலும் இப்புண்ணை அவர் மறைத்தே வைத்திருந்தார்.

ஐம்பத்து நான்கு வயதை எட்டிய, பரிசுகள் பெற்ற, செல்வக் குடியிற் பிறந்த ஒருவர் இதற்கு இவ்வளவு வருந்தலாமா என்ற வினா எழலாம். முதல் இழப்பை நினைத்தால் அதற்கு விடை கிடைக்கும். பெண் என்பதற்காகப் பிறந்த வீட்டை இழந்தவர் அவர். அப்போது அவருக்கு எஞ்சியது கவிஞர் என்னும் பெயர். அது எந்தச் சட்டத்தாலும் தம்பிக்கோ சிற்றப்பனுக்கோ போய்ச்சேர முடியாத உரிமை என்று அவர் நம்பியிருந்தார். அவ்வுரிமையும் தம்மைச் சார்ந்தவர்களே கூடிய அவையில், தம் கண் முன்பே, ஓசையின்றிப் பறிபோனதாக அவர் உணர்ந்தார். பகைவர் கூறும் பழிச்சொல்லைக் கவிஞர்கள் தாங்கிக்கொள்வர். சக கவிஞர்கள் பெயரைச் சொல்லாமல் விடுவதைத் தாங்குவது அரிது.

1948ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் இலக்கியப் பணிக்காக அரசின் உயரிய சிறப்பொன்று அவரை நாடி வந்தது. அதன் பிறகும் அவர் புதினங்கள் எழுதினார். வாழ்க்கை வரலாறு எழுதினார். 1946 முதல் 1961 வரை 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் தோட்டக்கலை பற்றித் தொடர்ந்து எழுதினார். அக்கட்டுரைகளைப் படித்த பல்லாயிரவருக்கு அவர் தோட்டக்கலை ஆசிரியராகவே அறிமுகமானார். நெடும்பாட்டு ஏதும் அதன்பின் பிறக்கவில்லை.

இரண்டாம் பட்டியல்

இந்த மௌனத்தின் மூன்றாம் ஆண்டிலே வெண்மலர்ப் பாத்தி மீண்டும் நினைவுக்கு வந்தது. இப்போது இடம் வேறு. சிங்கக்குளத்து மூலையில் நிழல் மிகுதி என்று கருதி அதனைக் கைவிட்டனர். அதற்கு மாறாகக் குருவின் இல்லத்தின் முன்னே, அதுவரை ரோசாக்கள் இருந்த சதுரத்தைத் தேர்ந்தனர். இரவு உணவு முடித்து வெளியே வந்தவுடன் கண்ணிற்படும் இடம் அதுவே.

1949ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹெரால்டு எழுதிய கடிதத்தில் இரண்டாவது பட்டியல் ஒன்று காணப்படுகிறது. அதில் முதலிடம் பெறுவன மலர்கள் அல்ல. சாம்பல் நிற இலைகள். முயற்காது போன்ற மென்மயிர் இலைகளையுடைய ஸ்டாக்கிஸ், வெள்ளி இலைச் சினரேரியா, சான்டோலினா, நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமீசியா வகை ஆகியவை அடர்ந்து பரவ வேண்டும். அச்சாம்பல் நிறக் காட்டினூடே ரீகேல் லில்லிகள் நிமிர்ந்தெழ வேண்டும் என்பது அவர் கண்ட காட்சி.

இடம் மாறியதன் காரணத்தை இப்பட்டியல் விளக்குகிறது. இலையின் சாம்பல் நிறம் அதன் மேல் படர்ந்துள்ள நுண்மயிர்களால் அமைவது. கடும் வெயிலும் வறட்சியும் உள்ள நிலங்களில் இலையைக் காக்க இயற்கை அளித்த போர்வை அது. அத்தகைய செடிகளை ஈரமான நிழலில் வைத்தால் இலை அழுகும். வெள்ளி நிறம் மங்கிப் பசுமையாகும். ஆகவே நிழல் மூலைக்கு வெண்மலர்ப் பாத்தி வேண்டுவோர் சாம்பல் இலைகளை நம்பலாகாது. பெரணிகள், அகன்ற இலைகளையுடைய ஹோஸ்டாக்கள், வெள்ளைக் கோடு ஓடிய இலைகள் ஆகியவற்றைப் பின்னணியாக்கி அனிமோனையும் வெள்ளை டிஜிட்டாலிசையும் நட வேண்டும். சிங்கக்குளத்து மூலை அத்தகைய தோட்டத்திற்குரியது. சிசிங்ஹர்ஸ்ட் தம்பதியர் விரும்பியதோ பகலில் வெயிலை உண்டு மாலையில் ஒளியைத் திருப்பித் தரும் தோட்டம்.

ரீகேல் லில்லிகளை அம்மையார் விலைக்கு வாங்கவில்லை; மூன்றாண்டுகளுக்கு முன்பே விதையிட்டு வளர்த்திருந்தார். 1950இலிருந்து மூன்றாண்டுகளைப் பின்னோக்கி எண்ணினால் விக்மோர் நிகழ்ச்சியை அடுத்த காலம் வருகிறது. எந்தத் தோட்டத்திற்கு என்று முடிவாகாத நிலையிலும் விதைகள் மண்ணுக்குள் சென்றுவிட்டன. அந்த லில்லிக்கும் ஒரு வரலாறு உண்டு. சீனாவின் சிச்சுவான் பகுதியில், மின் ஆற்றின் பள்ளத்தாக்கில் மட்டுமே வளர்ந்த செடி அது. செடி தேடும் பயணியான எர்னஸ்ட் வில்சன் 1903ஆம் ஆண்டு அதனைக் கண்டறிந்தார். கிழங்குகளைப் பெருவாரியாகத் தொகுக்க 1910ஆம் ஆண்டு மீண்டும் அங்குச் சென்றபோது, சரிந்து விழுந்த பாறையால் அவருடைய கால் முறிந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் சற்றே நொண்டி நடந்தார். மேலை நாட்டுத் தோட்டங்களுக்கு லில்லி வந்து சேர்ந்தது.

1950 ஜனவரி மாதம், முதற்பனி விழும் நாட்களில் நடுகை நடந்துகொண்டிருந்தபோது, அம்மையார் அப்சர்வர் இதழில் தம் புதிய திட்டத்தைப் பற்றி எழுதினார். அது தோற்றுப் போகவும் கூடும் என்று அவர் முன்னரே ஒப்புக்கொண்டார். எனினும் அடுத்த கோடையின் அந்திப்பொழுதில், இந்த வெளிறிய தோட்டத்தின் மேல் ஒரு வெண்கூகை ஓசையின்றிப் பறந்து செல்லும் காட்சியை அவர் அப்போதே கண்டுவிட்டார். பனிக்குள் நின்றுகொண்டு கோடையைக் காண்பதும், வெறும் மண்ணில் நின்றுகொண்டு மலரைக் காண்பதும் கவிஞர் செயல்கள். எழுதுவதில்லை என்று துறந்தவரிடத்தில் காணும் ஆற்றல் எஞ்சியிருந்தது.

ஒரே நிறம் என்னும் யாப்பு

ஒரே நிறத் தோட்டம் வீட்டா அம்மையார் முதன்முதலாகக் கண்டுபிடித்ததன்று. ஜெர்ட்ரூட் ஜீக்கில் என்னும் தோட்டக்கலை அறிஞர் 1908ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு நிறத்திற்கென்றே அமையும் தோட்டங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருந்தார். அவர் விடுத்த எச்சரிக்கை ஒன்று கவிஞர்களுக்கும் பொருந்தும். நீலத் தோட்டம் என்று பெயரிட்டுவிட்ட காரணத்தால் அதில் நீலத்தைத் தவிர வேறு எதனையும் அனுமதிக்க மறுப்போர், ஒரு சொல்லுக்காகத் தோட்டத்தையே கெடுக்கின்றனர். நீலம் நீலமாகத் தோன்ற ஒரு வெள்ளை லில்லியோ வெளிர் மஞ்சளோ அருகில் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஒரே நிறம் என்பது யாப்பைப் போன்றது. நாலடியில் சொல்ல வேண்டும், தளை தட்டக்கூடாது என்னும் கட்டு, சொல்லைக் கூர்மையாக்கும். ஆனால் தளை மட்டும் தட்டாது உயிரற்று நிற்கும் வெண்பாக்களும் உண்டு. வெண்மலர்த் தோட்டத்தில் உண்மையில் வெண்மை ஒன்று அன்று. பாலின் வெண்மை, பச்சை கலந்த வெண்மை, நீலம் தோய்ந்த வெண்மை, வாடும்போது இளஞ்சிவப்பாகும் வெண்மை எனப் பல வெண்மைகள் உள்ளன. அவற்றை வேறுபடுத்திக் காட்டுவன இலைகளே. அம்மையார் அதனைச் சாம்பல், பச்சை, வெள்ளை என்னும் மூன்றின் தோட்டமாகவே கருதினார். உலகம் அதற்கு வெண்மலர்த் தோட்டம் என்று பெயரிட்டது.

வண்ணங்களை நீக்கிவிட்டால் வடிவம் முன்வரும். சிவப்பும் மஞ்சளும் கண்ணை ஈர்க்கும் இடத்தில் இலையின் விளிம்பையும் தண்டின் நிமிர்வையும் எவரும் நோக்குவதில்லை. அவை இல்லாத இடத்தில் முட்செடியின் கூர்மையும் லில்லியின் குவளை வடிவும் தெளிவாகத் தெரியும். அணிகளைக் களைந்த கவிதையிற் சொல் தனித்து நிற்பதற்கு ஒப்பானது இது.

அந்திக்கு உரிய நிறம்

வெண்மலரின் சிறப்பு உச்சிப்பொழுதில் தெரிவதில்லை. வெயிலில் வெண்மை கண்ணைக் கூசச்செய்து தட்டையாகும். அது நிழலிலும் அந்தியிலுமே உயிர் பெறுகிறது. பொகீமிய நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனோடு தொடர்புடைய உண்மை ஒன்றைக் கண்டறிந்தார். ஒளி குறையும்போது எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் மறைவதில்லை. முதலில் சிவப்பு கருமையாகிறது; பச்சையும் நீலமும் சற்று நீடிக்கின்றன. பகலில் வண்ணம் காணும் விழித்திரை அணுக்கள் ஓய்ந்து, மங்கலில் பணிபுரியும் அணுக்கள் பொறுப்பேற்பதே காரணம். அப்போது தன் மேல் விழும் சிறிதளவு ஒளியையும் திருப்பித் தரும் வெண்மலர், மற்ற யாவும் மறைந்த பின்னும் தனித்துத் தெரிகிறது. அந்தியிலும் இரவிலும் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் மலர்கள் பல வெண்மையும் நறுமணமும் பெற்றிருப்பது இதனாலேயே. முல்லைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்த இலக்கண மரபில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உணவுக்கூடத்தின் வாயிலில் தொடங்கி உறங்கும் குடில் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த இத்தோட்டம் ஆகவே பயன்பாடு உடையது. இரவில் வழி காட்டுவது அதன் தொழில்.

பிற கைகள்

தோட்டம் ஒருவருடைய படைப்பாக நிலைப்பதில்லை. போருக்குப் பின் திரும்பி வந்த ஜாக் வாஸ் இல்லையேல் 1950ஆம் ஆண்டு நடுகை நடந்திராது. 1959ஆம் ஆண்டு பமேலா ஷ்வெர்ட், சிபில் குரொய்ட்ஸ்பெர்கர் என்னும் இரு பெண்கள் தலைமைத் தோட்டக்காரர்களாகப் பணியேற்றனர். 1990 வரை முப்பத்தோராண்டுகள் அவர்கள் அத்தோட்டத்தைப் பேணினர். இன்று காண்போர் வியக்கும் செம்மையில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பு. நடுவில் நின்ற வாதுமை மரங்களின் மேல் ஏறிப் படர்ந்த வெள்ளைக் கொடிரோசா, காலப்போக்கில் தன் பாரத்தால் அம்மரங்களையே நலியச் செய்தது. பின்னர் மகன் நைஜல் நிக்கல்சன் காகிதம் கோக்கும் கம்பிக் கவ்விகளை வளைத்து மாதிரி ஒன்று செய்து காட்டினார். அதன்படி இரும்புப் பந்தல் அமைக்கப்பட்டது. இன்றும் ஜூலை மாதத் தொடக்கத்தில் அப்பந்தல் சில வாரங்கள் வெண்மையால் மூடப்படுகிறது. 1967ஆம் ஆண்டு சிசிங்ஹர்ஸ்ட் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பிற்கு வந்தது. உலகின் பல நாடுகளில், வீட்டுத் தோட்டங்களின் நிழல் மூலைகளில்கூட, வெண்மலர்ப் பாத்திகள் அமைவதற்கு இத்தோட்டமே முன்மாதிரியாயிற்று. சிசிங்ஹர்ஸ்ட்டில் நிழலால் கைவிடப்பட்ட திட்டம் பிறர் வீட்டு நிழல்களில் நிறைவேறி வருகிறது.

நிறைவாக

கவிதை அடங்கியதனால் தோட்டம் மலர்ந்தது; எனவே இழப்பு ஈடுசெய்யப்பட்டது என்று இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது; அது உண்மைக்குப் பொருந்தாது. வெண்மலர்ப் பாத்தியின் எண்ணம் விக்மோர் நிகழ்ச்சிக்கு ஆறாண்டுகளுக்கும் மேலாக முன்பே தோன்றியது. கவிதையும் தோட்டமும் அவரிடத்தில் ஒருங்கே வாழ்ந்தன என்பதற்குப் போர்க்காலத்தில் எழுந்த 'தோட்டம்' என்னும் நூலே சான்று. ஒன்றை வெட்டினால்தான் மற்றொன்று தழைக்கும் என்ற நிலை அங்கு இல்லை. 1955ஆம் ஆண்டு அரச தோட்டக்கலைக் கழகம் அவருக்கு வீச் நினைவுப் பதக்கம் அளித்தது. அந்தப் பதக்கமும் வந்து குவிந்த பார்வையாளர்களும் பட்டியலில் விடுபட்ட பெயரை மீண்டும் எழுதவில்லை. எழுதப்படாத பாடல்கள் எழுதப்படாதனவாகவே நின்றுவிட்டன.

இலக்கிய அவைகள் கவிஞர்களை வளர்த்ததுண்டு. அறியாமலே அவர்களின் வாயை அடைத்ததும் உண்டு. விக்மோர் அரங்கில் அன்று யார் யார் பாடினர் என்பதை இன்று நினைவு வைத்திருப்போர் சிலர். யார் பாடவில்லை என்பதை ஒருவர் சாகும்வரை நினைவில் வைத்திருந்தார். கவிதையின் சுவை மாறும்; மாறத்தான் வேண்டும். புதியவர்க்கு இடம் அளிக்கும் அவை, அருகில் அமர்ந்திருக்கும் மூத்தவரிடம் ஒரு சொல் கூறுவதற்கு எந்தப் புதுமையும் தடையாகாது.

வீட்டா சாக்வில் வெஸ்ட் அம்மையார் 1962 ஜூன் 2ஆம் நாள் சிசிங்ஹர்ஸ்ட்டில் காலமானார். கோபுரத்திலோ தெற்குக் குடிலிலோ அன்று. நோயுற்ற நாட்களில் அவர் தங்கியிருந்த குருவின் இல்லத்து மேல்தள அறையில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வீட்டின் வாயிலிலேயே அவர் நட்ட வெண்மலர்த் தோட்டம் இருந்தது. கொடிரோசா பூக்க அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது.